கரையேறி நிற்கும் கப்பல்: சான் பிரான்சிஸ்கோ அக்வாட்டிக் பார்க் குளியல் மாளிகை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சான் பிரான்சிஸ்கோவுக்கு வரும் நம்மவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் சுற்றுவார்கள். கோல்டன் கேட் பாலம், வளைந்து வளைந்து இறங்கும் லொம்பார்ட் தெரு, கேபிள் கார், கடைசியில் கிரார்டெல்லி சதுக்கத்தில் சாக்லேட். கையில் ஐஸ்கிரீமோடு கடல் பக்கம் திரும்பினால் வெள்ளையாக, தட்டுத் தட்டாக ஒரு கட்டடம் தெரியும். ஊரிலிருந்து வந்தவர்களை அழைத்துப்போகும்போதெல்லாம் "அது என்ன, ஹோட்டலா?" என்று யாராவது கேட்பார்கள். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தால் கேள்விகள் இன்னும் கூடும். பல வருடங்களாக வாய்வழியாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

சரி, அது என்ன கட்டடம்?

1936-க்கும் 1939-க்கும் இடையில், பொருளாதாரப் பெருமந்தத்தின்போது, அமெரிக்க அரசு வேலையில்லாதவர்களைக் கொண்டு கட்டிய பொதுக் குளியல் மாளிகை. கடலில் நீந்த வருகிறவர்கள் துணி மாற்றவும், குளிக்கவும், சாப்பிடவும், உட்கார்ந்து கடலைப் பார்க்கவும் கட்டியது. இன்று அதில் கடல்சார் அருங்காட்சியகம் ஒன்றும் முதியோர் மையம் ஒன்றும் இருக்கின்றன. கட்டியபோது நினைத்தது ஒன்று, இப்போது நடப்பது வேறொன்று. ஆனால் இரண்டுமே பொதுமக்களுக்கானவை. நடுவில் கொஞ்ச காலம் மட்டும் அப்படி இருக்கவில்லை. அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

பெருமந்தம் என்றால் எவ்வளவு மோசம்? பணமில்லாத காலத்தில் மாளிகை கட்ட எப்படி முடிந்தது?

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அதன் பின்னாலேயே வங்கிகள் வரிசையாக மூடின, ஆலைகள் நின்றன. 1933-ல் அமெரிக்காவில் வேலை செய்யக்கூடியவர்களில் கிட்டத்தட்ட நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. ரொட்டிக்கும் சூப்புக்கும் தெருமுனை வரை வரிசை நின்ற காலம்.

அந்த ஆண்டு பதவிக்கு வந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், சும்மா உதவித்தொகை கொடுப்பதைவிட வேலை கொடுத்துக் கூலி கொடுப்பது மேல் என்ற பக்கம் சாய்ந்தார். 1935-ல் வொர்க்ஸ் ப்ராக்ரஸ் அட்மினிஸ்ட்ரேஷன் என்ற அமைப்பு உருவானது. சுருக்கமாக டபிள்யூ.பி.ஏ. அதன் தலைவர் ஹாரி ஹாப்கின்ஸ். 1943-ல் மூடும்வரை சுமார் 85 லட்சம் பேருக்கு அது வேலை கொடுத்தது. சாலை, பாலம், பள்ளிக்கூடம், பூங்கா, விமான நிலையம் என்று அமெரிக்காவில் எந்த ஊருக்குப் போனாலும் அவர்கள் கட்டிய ஏதாவது ஒன்று இன்றும் புழக்கத்தில் இருக்கும்.

எனவே "பணமில்லாத காலத்தில் எப்படிக் கட்டினார்கள்" என்ற கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். தனியாரிடம் பணம் முடங்கிப் போனதால்தான் அரசு இறங்கிக் கட்டியது. நல்ல காலமாக இருந்திருந்தால் இந்தக் கட்டடம் வந்தே இருக்காது. அதற்கு முன் பல வருடங்கள் நகரம் இந்த இடத்தில் நீச்சல் பூங்கா வேண்டும் என்று பேசிக்கொண்டே இருந்தது. காரியம் நகர்ந்தது பெருமந்தத்தில்தான்.

நம் ஊர் நூறு நாள் வேலை மாதிரியா?

என் அப்பா கேட்ட கேள்வி இது. கூலிக்காக வேலை, வேலையால் ஊருக்கு ஒரு சொத்து என்ற அடிப்படை ஒன்றுதான். ஆனால் வித்தியாசங்களும் உண்டு. நூறு நாள் வேலையைச் சட்டம் உரிமையாகத் தந்தது, டபிள்யூ.பி.ஏ. அப்படி உரிமை எதுவும் தரவில்லை. நிதி எவ்வளவோ அவ்வளவு பேருக்குத்தான் வேலை. பொதுவாக ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும். மாதச் சம்பளம் ஊரையும் திறமையையும் பொறுத்து 19 டாலரிலிருந்து 94 டாலர் வரை.

எனக்கு முக்கியமாகப் படும் வித்தியாசம் வேறு. டபிள்யூ.பி.ஏ. மண் வெட்டுகிறவர்களை மட்டும் எடுக்கவில்லை. ஓவியர், சிற்பி, நடிகர், இசைக்கலைஞர், எழுத்தாளர் என எல்லோரையும் அவரவர் தொழிலிலேயே வேலைக்கு எடுத்தது. பசி ஓவியருக்கும் பசிதான் என்பதை ஓர் அரசாங்கம் சம்பளப் பட்டியலில் எழுதி ஒப்புக்கொண்டது. இந்தக் குளியல் மாளிகையில் கொத்தனார் பூசிய சுவரும் அதன்மேல் ஓவியர் தீட்டிய படமும் ஒரே திட்டத்தின் கூலியில் வந்தவை.

குளிப்பதற்கா இவ்வளவு பெரிய கட்டடம்?

அந்தக் குடாவின் கதையைக் கேட்டால் புரியும். வடக்குக் கரையில், ஹைட் தெருவுக்கும் மேசன் கோட்டைக்கும் இடையில் உள்ள சின்ன வளைவு அது. 1906 நிலநடுக்கத்தில் இடிந்த வீடுகளின் செங்கல்லும் காரையும் இங்கே கொட்டப்பட்டன. சுற்றிலும் ஆலைகள். குறுக்கே ரயில் பாதை வேறு.

அப்படியிருந்தும் மக்கள் நீந்திக்கொண்டிருந்தார்கள். 1873-ல் தொடங்கிய சவுத் எண்ட் ரோயிங் கிளப், 1877-ல் தொடங்கிய டால்பின் கிளப் என்று இரண்டு பழைய சங்கங்கள் இந்தக் கரையில் உண்டு. இரண்டுமே தொழிலாளர்களும் சின்ன வியாபாரிகளும் சேர்ந்து வளர்த்தவை. குடாவைத் தூர்த்துவிடாதீர்கள், மக்களுக்கு விடுங்கள் என்று விடாமல் கேட்டவர்களில் இவர்கள் முக்கியமானவர்கள். இரண்டு சங்கங்களும் இன்றும் அங்கேதான் இருக்கின்றன. விடியற்காலையில் போனால் எழுபது வயதைத் தாண்டியவர்கள் ஆரஞ்சு நிறத் தொப்பி மாட்டிக்கொண்டு குளிர்ந்த நீரில் இறங்குவதைப் பார்க்கலாம்.

அதனால் வந்தது வெறும் குளியலறை இல்லை. மணற்கரை, கரையோரம் நடைபாதை, இருபக்கமும் கான்கிரீட் படிக்கட்டு இருக்கைகள், ஒலிபெருக்கி வைக்க வட்டக் கோபுரங்கள், நடுவில் இந்த மாளிகை என்று ஒரு முழு வளாகம். 'மக்களுக்கான மாளிகை' என்றுதான் அதை அப்போது பெருமையாக அழைத்தார்கள். 1939 ஜனவரி 22-ல் திறப்பு விழா நடந்தது.

ஏன் கப்பல் மாதிரி இருக்கிறது?

வேண்டுமென்றே செய்ததுதான். வில்லியம் மூசர் என்ற ஒரே பெயர் கொண்ட தந்தையும் மகனும் இதன் கட்டடக் கலைஞர்கள். 1930-களில் நீராவிக் கப்பல், ரயில், விமானம் ஆகியவற்றின் வழவழப்பான வளைவுகளைக் கட்டடத்துக்குக் கொண்டுவரும் பாணி பரவலாக இருந்தது. ஸ்ட்ரீம்லைன் மாடர்ன் என்று பெயர். சிற்ப வேலைப்பாடுள்ள தூண் கிடையாது, கார்னிஸ் அலங்காரம் கிடையாது. முனைகள் உருண்டிருக்கும், கோடுகள் கிடையாக ஓடும்.

இங்கே அந்தப் பாணி இடத்தோடு பொருந்திவிட்டது. மாடிகள் மேலே போகப் போகக் கப்பலின் தளங்கள் போல உள்வாங்கிக் குறுகும். வட்ட ஜன்னல்கள், கப்பலில் இருப்பது போன்ற குழாய்க் கைப்பிடிகள், இரண்டு பக்கமும் உருண்ட முனை. மூடுபனி நாளில் கடற்கரையிலிருந்து பார்த்தால் நங்கூரம் போட்டு நிற்பது போலவே இருக்கும்.

உள்ளே சுவர் முழுக்கக் கடலடி ஓவியம் இருக்கிறதே, அது லெமூரியாவா?

தமிழர்கள் மட்டும் கேட்கும் கேள்வி! கிட்டத்தட்ட ஆம் என்றே சொல்லலாம். முன்கூடத்துச் சுவர்களை வரைந்தவர் ஹிலேர் ஹைலர். 1898-ல் அமெரிக்காவில் பிறந்து, பாரிஸில் ஓவியர்கள் வட்டத்தில் பல வருடம் வாழ்ந்தவர். கட்டடத்தின் கலை வேலைகள் முழுவதையும் மேற்பார்த்தவரும் அவர்தான். கடலுக்குள் மூழ்கிப்போன அட்லாண்டிஸ், மூ என்ற இரண்டு கற்பனைக் கண்டங்களை அவர் தீட்டியிருக்கிறார்.

மூ என்பது பசிபிக் கடலில் மூழ்கியதாகச் சொல்லப்பட்ட நிலம். லெமூரியா என்ற பெயரை 1864-ல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் வைத்தார். அவர் குறித்தது இந்தியப் பெருங்கடலை. பின்னால் வந்த மறைஞான எழுத்துகளில் இரண்டும் கலந்துபோயின. நாமோ லெமூரியாவைச் சங்க இலக்கியம் சொல்லும் கடல்கோளோடு சேர்த்துக் குமரிக்கண்டம் என்று நமதாக்கிக்கொண்டோம். நிலவியல் இந்த மூன்றில் எதையும் ஏற்கவில்லை. ஆனால் கடலோரம் வாழும் எந்தச் சமூகத்துக்கும் தண்ணீருக்கு அடியில் ஓர் ஊர் இருக்கிறது என்ற நினைப்பு விட்டுப்போவதில்லை போலும். பூம்புகாரைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தச் சுவர் முன்னால் நிற்கும்போது அந்நியமாகத் தோன்றாது.

கூடத்தின் நடுவில் நின்று பாருங்கள். மீன்கள், பாசிகள், சிதைந்த கட்டடங்கள், இன்ன உயிர் என்று சொல்லமுடியாத வடிவங்கள் எல்லாம் நான்கு பக்கமும் மிதக்கும். கடலில் நீந்தப் போகிறவர் முதலில் இந்த வரைந்த கடலைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பது திட்டம்.

கூரையில் வண்ணச் சக்கரம் வரைந்த வட்ட அறை எதற்கு?

அதுவும் ஹைலர் வேலைதான். அவர் நிறங்களை ஆராய்ந்தவர். எந்த நிறம் மனத்தில் என்ன செய்கிறது என்பதில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். வட்ட அறையின் கூரையை வானவில்லைப் பிரித்துப் போட்டது போல நிறத் துண்டுகளாக வகுத்துத் தீட்டினார். ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டிலிருந்து ஒரு படி மட்டும் விலகும். மஞ்சள் எங்கே பச்சையாகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. கோளரங்கம் விண்மீன்களுக்கு எப்படியோ அப்படி இது நிறங்களுக்கு என்று சொல்லி 'பிரிஸ்மட்டேரியம்' என்று பெயரிட்டார். பெண்கள் இளைப்பாறும் அறையாகத் திட்டமிட்ட இடம் அது. குளித்துவிட்டுத் தலை துவட்டும் இடத்தில் நிறவியல் பாடம்!

வாசலைச் சுற்றிக் கல்லில் செதுக்கியிருப்பது யார்?

சார்ஜென்ட் ஜான்சன். 1888-ல் பாஸ்டனில் பிறந்த கறுப்பினச் சிற்பி. சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவர். 1915 வாக்கில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்து சிற்பம் பயின்றார். அவருக்குக் கற்றுத்தந்தவர்களில் ஒருவர் பெனியாமினோ புஃபானோ. அந்தப் புஃபானோ செய்த தவளையும் கடல்நாயும் இதே கட்டடத்தின் பின்தாழ்வாரத்தில் இருக்கின்றன. குழந்தைகள் ஏறி ஏறி அவற்றின் முதுகு வழவழவென்று ஆகிவிட்டது. ஆசானும் மாணவரும் ஒரே கூலித் திட்டத்தில், ஒரே கட்டடத்தில் வேலை செய்திருக்கிறார்கள்.

வாசலைச் சுற்றி ஜான்சன் பச்சைச் சாயல் கொண்ட சிலேட்டுக் கல்லில் கடலையும் கடல்சார் வாழ்வையும் செதுக்கினார். ஆழமாகக் குடையவில்லை, மேலாகக் கீறிய கோடுகள்தான். மதிய வெயிலில் ஒன்றும் தெரியாது. சாயங்காலம் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது போங்கள், உருவங்கள் எழுந்து வரும்.

இவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1937-ல் பெர்க்லியில் பார்வையற்றோர் பள்ளிக்காக ரெட்வுட் மரத்தில் பெரிய பலகைச் சிற்பம் ஒன்றைச் செய்தார். பள்ளி இடம் மாறியபின் அது ஒரு பல்கலைக்கழகத்தின் கிடங்கில் கிடந்து, 2009-ல் பழைய சாமான்களோடு சேர்த்துச் சுமார் 150 டாலருக்கு விற்கப்பட்டது. வாங்கியவருக்கே பிறகுதான் அதன் மதிப்பு தெரிந்தது. இப்போது தெற்குக் கலிஃபோர்னியாவில் ஹண்டிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பொதுப்பணத்தில் உருவான கலை எவ்வளவு சுலபமாகக் கண்ணில் படாமல் போகிறது என்பதை நினைத்தால் மனசு கனக்கிறது.

பின்பக்கச் சுவரில் ஓட்டுச் சித்திரம் பாதியில் நிற்கிறதே? ஓடு உதிர்ந்துவிட்டதா?

இல்லை. இந்தக் கட்டடத்தில் நான் எல்லோரையும் கொண்டுபோய் நிறுத்தும் இடம் இதுதான்.

கடலைப் பார்த்த நீண்ட தாழ்வாரச் சுவரில் சின்னச் சின்ன ஓட்டுத் துண்டுகளால் ஜான்சன் ஒரு பெரிய சித்திரத்தைத் தொடங்கினார். மீன், சிப்பி, அலை என்று முழுதாகப் பெயர் சொல்ல முடியாதபடி எளிமையாக்கிய வடிவங்கள். அவர் வேலை செய்துகொண்டிருந்தபோதே நகர நிர்வாகம் மாளிகையைத் தனியார் உணவக வியாபாரிகளிடம் குத்தகைக்கு விட்டது. அவர்கள் 'அக்வாட்டிக் பார்க் காசினோ' என்று பெயர் வைத்து நடத்தினார்கள். மக்களுக்கென்று கட்டிய அழகான தளங்கள் காசு கொடுத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு. கடலில் குளித்துவிட்டு வரும் சாதாரண ஆளுக்குக் கீழ்த்தளமும் அங்கிருந்த குளியல் குழாய்களும்.

கலைஞர்கள் கொதித்துப்போனார்கள். பொதுமக்களுக்கு என்று சொல்லித்தானே தங்களிடம் வேலை வாங்கினார்கள், இப்போது தனியார் விருந்து மண்டபத்துக்குச் சுவர் அலங்காரம் செய்கிறோமா என்ற கோபம். ஜான்சன் வேலையை நிறுத்தினார். முடிக்காமலே போய்விட்டார். அது பெருமந்தக் காலம் என்பதையும் நினைவில் வையுங்கள். கூலி வேலை கிடைப்பதே பெரிய விஷயமாக இருந்த நாளில், ஒரு கறுப்பினச் சிற்பி தன் கையிலிருந்த வேலையைப் பாதியில் விடுவது சின்னச் செயல் இல்லை.

பின்னால் வந்த யாரும் அந்தச் சித்திரத்தை "முடித்து" வைக்கவில்லை. 2000-களில் பெரிய புதுப்பிப்பு நடந்தபோதும் அப்படியே விட்டார்கள். மிகச் சரியான முடிவு. பாதியில் நின்ற அந்த ஓரம்தான் அவருடைய கையெழுத்து.

குத்தகை எடுத்தவர்கள் என்ன ஆனார்கள்?

வியாபாரம் நிலைக்கவில்லை. சில வருடம்கூட ஓடாமல் படுத்துவிட்டது. 1941-ல் அமெரிக்கா போரில் இறங்க, ராணுவம் கட்டடத்தை எடுத்துக்கொண்டது. விமான எதிர்ப்புப் படைப்பிரிவு ஒன்றின் தலைமையகம் இங்கே இயங்கியது. 1948 வரை அவர்கள் இருந்தார்கள். ஆக, மக்களுக்கென்று திறந்த மாளிகை முதல் பத்து வருடத்தில் மக்கள் கையில் இருந்த நாட்கள் மிகக் குறைவு.

முதியோர் மையம் எப்படி வந்தது?

1947-ல் தொடங்கிய சான் பிரான்சிஸ்கோ முதியோர் மையம், 1940-களின் கடைசியில் இந்தக் கட்டடத்தில் குடிபுகுந்தது. லாப நோக்கமில்லாமல் நடக்கும் முதியோர் மையங்களில் அமெரிக்காவிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று இது. இங்கே முதியோர் இல்லத்தையும் முதியோர் மையத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். யாரும் இங்கே தங்குவதில்லை. காலையில் வருவார்கள், உடற்பயிற்சி, சீட்டாட்டம், பாட்டு, மதியச் சாப்பாடு, பேச்சுத் துணை எல்லாம் உண்டு, சாயங்காலம் வீடு திரும்புவார்கள். நம் ஊர்க் கோயில் திண்ணையும் நூலக வாசலும் செய்யும் வேலை.

மாளிகையை அதன் முதல் எண்ணத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் இந்த முதியவர்கள்தான் என்று உறுதியாக நம்புகிறேன். அருங்காட்சியகம் பின்னால்தான் வந்தது. பெருமந்தத்தில் நடுவயதில் வேலையிழந்து நின்ற தலைமுறைதான் 1940-களின் இறுதியில் முதுமையை எட்டியது. தங்கள் காலத்துக் கஷ்டத்தில் கட்டிய கட்டடத்தில் அவர்கள் உட்கார்ந்து கடலைப் பார்த்தார்கள்.

அருங்காட்சியகம் யார் யோசனை?

கார்ல் கார்ட்டம் என்பவருடையது. 1941-ல் கையுலானி என்ற பாய்மரக் கப்பலில் மாலுமியாகத் தென்னமெரிக்காவின் ஹார்ன் முனையைச் சுற்றிப் போனவர். பாய்மரக் காலம் தன் கண்ணெதிரே முடிகிறது என்பதை உணர்ந்து, இந்தத் துறைமுக நகரத்துக்கு ஒரு கடல்சார் அருங்காட்சியகம் வேண்டும் என்று முனைந்தார். 1951 மே மாதம் அது இங்கே திறந்தது. கப்பல் மாதிரிகள், கப்பல் முகப்பில் வைக்கும் மரச் சிற்பங்கள், நங்கூரங்கள், படங்கள் என்று சேர்ந்துகொண்டே போயின.

அவர்கள் கட்டடத்தோடு நிற்கவில்லை. 1886-ல் ஸ்காட்லாந்தில் கட்டிய பல்கிளூதா என்ற பாய்மரக் கப்பல் பாழாகிக் கிடந்தது. 1954-ல் அதை வாங்கினார்கள். 18 தொழிற்சங்கங்களைச் சேர்ந்த தொழிலாளர்கள் கூலி வாங்காமல் 13,000 மணி நேரம் உழைத்து அதைச் சரிசெய்தார்கள். 1955-ல் மக்கள் பார்வைக்கு வந்தது. இன்று பக்கத்து ஹைட் தெருத் துறைமேடையில் நிற்கிறது.

இப்போது கட்டடம் யாருக்குச் சொந்தம்?

மத்திய அரசின் தேசியப் பூங்காச் சேவைக்கு. 1970-களின் கடைசியில் நகரத்திடமிருந்து கைமாறியது. 1987-ல் வளாகம் முழுவதும் தேசிய வரலாற்றுச் சின்னமானது. 1988 முதல் சான் பிரான்சிஸ்கோ கடல்சார் தேசிய வரலாற்றுப் பூங்காவின் பகுதி.

கடலோரக் கான்கிரீட் இத்தனை வருடம் எப்படித் தாங்குகிறது?

சுலபமாகத் தாங்கவில்லை. மெரினா பக்கம், பெசன்ட் நகர்ப் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். சிமெண்டின் காரத்தன்மை உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கும். உப்புக் காற்று மெல்ல மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காப்பை உடைத்துவிடும். துரு பிடித்த கம்பி பருக்கும். பருத்த கம்பி கான்கிரீட்டை உள்ளிருந்து தள்ளும். முதலில் மயிரிழை விரிசல், அப்புறம் பெயர்ந்து விழும் பத்தை.

இந்தக் கட்டடத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கப்பல் போல் தட்டுத் தட்டாக உள்வாங்கியிருப்பதால், ஒவ்வொரு மாடியின் வெளித்தளமும் கீழ் மாடிக்கு மொட்டைமாடி. மொட்டைமாடி எங்கே ஒழுகும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர் இறங்கினால் அது போய்ச் சேரும் சுவரில் இருப்பது ஹைலர் ஓவியம். கண்ணுக்கு அழகாக இருக்கும் அதே வடிவம்தான் ஒழுகலுக்கும் வழி.

2006 முதல் 2009 வரை பெரிய புதுப்பிப்பு நடந்தது. ஒழுகும் தளங்களைச் சீரமைத்தார்கள், அரித்துப்போன ஜன்னல்களைப் பழைய அமைப்பிலேயே மாற்றினார்கள், ஓவியங்களைச் சுத்தம் செய்து பழுதுபார்த்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் ஒன்று உண்டு. முன்பு காட்சிப் பொருட்கள் கூடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. புதுப்பித்தபின் அவற்றைக் குறைத்து, சுவர்களைப் பார்க்க விட்டார்கள். கட்டடத்தையே முதல் காட்சிப் பொருளாக வைத்துவிட்டார்கள்.

குளியல் மாளிகையை அருங்காட்சியகமாக்கியது பொருத்தமா?

முழுப் பொருத்தம் என்று சொல்ல மாட்டேன். சுற்றிலும் ஜன்னலும் வெயிலும் இருக்கும் கட்டடம் பழைய காகிதத்துக்கும் துணிக்கும் ஆகாது. வளைந்த சுவரில் படம் மாட்டுவதும் கஷ்டம். கடற்கரையில் குளிக்கிறவர்களுக்கென்று கட்டிய வசதிகள் இன்று அந்த அளவில் இல்லை என்ற குறையும் நியாயமானது.

ஆனாலும் இந்தக் கட்டடம் பூட்டிக் கிடக்கவில்லை, இடிபடவில்லை, ஆடம்பர ஹோட்டல் ஆகவில்லை. காசில்லாத ஒருவர் கதவைத் திறந்து உள்ளே போய், கூடத்தில் நின்று, பின்தாழ்வாரத்தில் மணிக்கணக்காக உட்காரலாம். பழைய பொதுக் கட்டடத்துக்கு மறுவாழ்வு கொடுத்துவிட்டோம் என்று எங்கே சொன்னாலும் நான் கேட்பது இதைத்தான்: சும்மா உள்ளே போய் உட்கார முடியுமா?

இதுபோல் வேறு கட்டடங்கள் உண்டா?

நிறைய உண்டு. டென்னசியின் நாஷ்வில் நகரில் 1934-ல் முடிந்த தலைமைத் தபால் நிலையம் 2001-ல் கலைக்கூடமாகத் திறந்தது. ஃபிரிஸ்ட் கலை அருங்காட்சியகம் என்று பெயர். பெவர்லி ஹில்ஸில் அதே காலத்துத் தபால் நிலையம் 2013-ல் நாடக, நடன அரங்கத்தோடு இணைந்தது. தபால் நிலையங்கள் இப்படி மாறுவதற்கு வசதியானவை. அகலமான கூடம், உயரமான கூரை, ஊர் நடுவில் இடம்.

எப்படிப் போவது? எவ்வளவு செலவாகும்?

பீச் தெருவும் போல்க் தெருவும் சேரும் இடம். பார்ட் ரயிலில் பவல் நிலையத்தில் இறங்கி, பவல்–ஹைட் கேபிள் காரைப் பிடித்தால் கடைசி நிறுத்தத்திலிருந்து நடக்கும் தூரம்தான். மாளிகைக்கு அனுமதிச் சீட்டு கிடையாது. துறைமேடையில் நிற்கும் பழைய கப்பல்களில் ஏறுவதற்கு மட்டும் கட்டணம் உண்டு. எந்தெந்த நாள் திறந்திருக்கும் என்பது அவ்வப்போது மாறும், கிளம்பும் முன் பூங்காவின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். கோடையானாலும் ஸ்வெட்டர் வேண்டும்.

குடாவைச் சுற்றி வளைந்து போகும் நீண்ட பாலமேடை ஒன்று இருக்கிறது. மாளிகைக்குக் கொஞ்சம் முன்னால் கட்டியது. கான்கிரீட் மிகவும் தளர்ந்துவிட்டதால் 2022-ல் அதை மூடிவிட்டார்கள். பழைய படங்களைப் பார்த்துவிட்டு அங்கே நடக்கலாம் என்று வந்து ஏமாற வேண்டாம்.

அங்கே குளிக்கலாமா?

காலை நனைத்துப் பாருங்கள், பதில் கிடைத்துவிடும். தண்ணீர் வருடம் முழுவதும் கடும் குளிர். பழக்கமுள்ளவர்கள் தினமும் நீந்துகிறார்கள். எதிரே தெரியும் அல்கட்ராஸ் தீவிலிருந்து இந்தக் கரை வரை நீந்தும் போட்டிகளும் நடக்கின்றன. நம் கடலில் நீந்திப் பழகியவர்களுக்கு இந்தக் குளிர் சட்டென்று மூச்சைப் பிடித்துவிடும், கவனம்.

எங்களுக்கு அரை மணி நேரம்தான் இருக்கிறது. எதைப் பார்ப்பது?

வாசலில் நின்று சிலேட்டுக் கல்லை ஒருமுறை கையால் தொடாமல் கண்ணால் தடவிப் பாருங்கள். கூடத்தில் ஒரு சுற்று. குழந்தைகள் இருந்தால் தவளையிடம் விட்டுவிடுங்கள், அவர்கள் அங்கேயே இருப்பார்கள்.

மீதி நேரத்தைப் பின்தாழ்வாரச் சுவருக்குக் கொடுங்கள். சித்திரத்தை ஒட்டியே நடந்து போங்கள். விரல்நுனி அளவு ஓடுகள், ஒவ்வொன்றும் பக்கத்து ஓட்டைவிடச் சற்றே வேறு நிறம். மீனின் முதுகு வளையும் இடத்தில் துண்டுகளும் வளைந்து திரும்பியிருக்கும். அப்படியே போய்க்கொண்டிருக்கும்போது ஓர் இடத்தில் ஓடுகள் நின்றுவிடும். அதற்கப்பால் வெறும் சுவர். பெரும்பாலான நாட்களில் அந்தச் சுவரோரம் பெஞ்சில் வயதானவர்கள் இரண்டு மூன்று பேர் வெயில் காய்ந்துகொண்டிருப்பார்கள்.